காதுக்குள் ஊசி: போட்டுக்கொண்டவள் சொல்கிறேன்

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கதை படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு போய்விடலாம். ஒரு பக்கத்துக் காது திடீரென்று, ஒரே ராத்திரியிலோ இரண்டு மூன்று நாளிலோ, கேட்காமல் போனால், அது அழுக்கு, சளி, காற்றடைப்பு என்று யார் சொன்னாலும் சரி, அன்றைக்கோ மறுநாளோ ஓர் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுத்துவிடுங்கள். கோளாறு உள்காதில் இருந்தால் ஸ்டீராய்டு மருந்துக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம். அதில் பாதிக்கு மேல் எனக்குச் சொட்டு மருந்திலும் பூண்டு எண்ணெயிலும் போயிற்று. அப்புறம்தான் செவிப்பறை வழியாக ஊசி. அப்படி ஒரு ஊசி இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

திருப்பூரில் சின்னதாக ஒரு செக்கிங், பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க்தான். கணவர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன, மகள் சென்னையில் படிக்கிறாள். எனக்கு சுகர் வேறு. தீபாவளிக்கு முந்தைய மாதம் எங்கள் தொழிலில் எப்படி இருக்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆர்டர் அனுப்பியாக வேண்டும், போனஸ் கொடுத்தாக வேண்டும், ராத்திரி ஒன்றரை ஷிப்ட். இடது காதில் போனை இடுக்கிக்கொண்டு வலது கையால் பீஸ் கணக்கு எழுதுவது என் பழக்கம். ஒரு காலையில் போன் வந்தது, எடுத்தால் மறுமுனையில் பேச்சே இல்லை. இரண்டு மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு, போன் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். தற்செயலாக வலது காதுக்கு மாற்றியபோது ஏஜெண்ட் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார். அப்போதும் பெரிய பயம் வரவில்லை. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. காது அடைத்த மாதிரி, உள்ளே ‘ஙொய்’ என்று விடாமல் ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த நோயின் மோசமான குணமே இதுதான். வலித்திருந்தால் ஓடியிருப்போம்.

பக்கத்துக் கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அழுக்கு கொஞ்சம் இருக்கிறது, சளியும் சேர்ந்திருக்கும் என்று அழுக்கைக் கரைக்கும் சொட்டு மருந்து, சளி மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, விட்டமின் கொடுத்தார்கள். சரியாகாமல் திரும்பப் போனபோது சொட்டு மருந்து மட்டும் மாறியது. கேட்கும் திறனைச் சோதிக்கும் பேச்சே வரவில்லை. யூனிட்டில் ஆளுக்கொரு வைத்தியம். “ஏனுங்க்கா, பூண்டைத் தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி நாலு சொட்டு உட்டா படக்குனு திறந்துக்கும்ங்க” என்று ஒரு பெண் காய்ச்சியே கொண்டுவந்துவிட்டாள். பாசத்தை எப்படி மறுப்பது? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். செவிப்பறை ஓட்டை இல்லாமல் இருக்கும்வரை, வெளியிலிருந்து விடும் எந்தச் சொட்டும் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை, மருந்தானாலும் எண்ணெயானாலும். கோளாறு உள்காதில் என்றால் அது சுவருக்கு வெளியே நின்றுவிடும். ரத்த ஓட்ட மாத்திரை, வைரஸ் மாத்திரை எல்லாம் இதற்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019இல் வெளியான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் ஸ்டீராய்டு இல்லவே இல்லை.

பிற்பாடு, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஓர் ஆடியாலஜிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்த சோதனை இது, காசில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகுங்கள். அழுக்கோ சளியோ அடைத்திருந்தால் அந்த முனகல் அடைத்த காதில்தான் பெரிதாகக் கேட்கும். சந்தேகமாக இருந்தால் நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், விரல் வைத்த பக்கம் சத்தம் கூடுவது தெரியும். அப்படி இல்லாமல், கேட்காத காதை விட்டுவிட்டு நல்ல காதுப் பக்கம் முனகல் ஒதுங்கினால் உள்காதைச் சந்தேகப்பட வேண்டும். டாக்டர்கள் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குத்தான். இது முடிவான சோதனை இல்லை. ஆனால் ‘அழுக்குதான், ஒரு வாரம் பாருங்க’ என்று யாராவது சொல்லும்போது எதிர்த்துக் கேட்க ஒரு தைரியம் தரும். எனக்கு அந்தத் தைரியத்தைத் தர அன்றைக்கு ஆள் இல்லை.

மகள்தான் சென்னையிலிருந்து போனில் சண்டை போட்டு என்னைக் கோயம்புத்தூருக்குக் கிளப்பினாள். அன்றைக்குக் காலையில் புது பஸ் ஸ்டாண்டில் தலை சுற்றி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே வந்தேன். இடது காதுக்கு மாறியது. அழுத்த ஒன்றுமே வரவில்லை. மெஷின் ஓடுகிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வையிலேயே ஓடுகிறது என்று புரிந்துவிட்டது. சராசரியாக 75 டெசிபல் இழப்பு. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் அந்தக் காதுக்கு அது போய்ச் சேராது. மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலாவது குறைந்தால் அதைத் திடீர் நரம்புக் கேட்பிழப்பு என்கிறார்கள். வைரஸ், ரத்த ஓட்டத் தடை என்று பல சந்தேகங்கள் உண்டு, ஆனால் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணமே கிடைப்பதில்லையாம். அபூர்வமாகக் கேட்பு நரம்பில் கட்டி இருக்கலாம், அதனால் எம்ஆர்ஐ எடுங்கள் என்றார் டாக்டர். கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது பாதி எனக்கு ஏறவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ரிப்போர்ட்டில் கட்டி இல்லை என்று வந்தது பிறகு. ஆனால் அந்த இடைப்பட்ட ராத்திரிகள் காதை விட மோசம். இப்படி ஒரு முடிவு கேட்கப் போகும்போது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். துணைக்கு மட்டுமில்லை, டாக்டர் சொல்வதைக் காதில் வாங்கி எழுதிக்கொள்ளவும்தான்.

சிகிச்சைக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஸ்டீராய்டு மாத்திரை, நாளைக்கு 60 மில்லிகிராம் வரை, ஒன்றிரண்டு வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பது. எனக்கு அன்றைக்கு சுகர் 280. மாத்திரை போட்டால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். இன்னொன்று, காதுக்குள்ளேயே ஊசி. கேட்டதும் வயிறு கலங்கியது. ஆனால் அவர் பொறுமையாக ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. வாயில் போடும் மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். ஆனால் மூளைக்கு இருப்பது மாதிரியே உள்காதுக்கும் ரத்தக் குழாயின் சுவரே ஒரு காவல். பெரும்பாலான மருந்தை அது உள்ளே விடாது. காதுக்குக் கொஞ்சம் போய்ச் சேர்வதற்காக உடம்பு நிறையத் தாங்க வேண்டியிருக்கிறது. ஊசியில் செய்வது வேறு. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதை மருந்தால் நிரப்பிவிடுகிறார்கள். அங்கே உள்காதுக்குப் போகும் வழியில் வட்டச் சாளரம் என்று ஒரு ஜவ்வு இருக்கிறது, கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர். அதன் வழியாக மருந்து மெல்லக் கசிந்து உள்ளே இறங்கும். உடம்புக்குப் போவது குறைவு என்பதால் சுகரும் பெரிதாக ஏறாது.

நல்லாயிருக்கிறதே, பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே போடக் கூடாது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் தலைமடை வயல் நிறைந்த பிறகும் கடைமடைக்காரர் என்ன பாடு படுகிறார் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காதுக்குள்ளும் அதே கதையாம். உள்காதின் நத்தைச் சுருள் இரண்டரைச் சுற்று. வட்டச் சாளரம் இருப்பது அடிச்சுற்றில், அங்கே உயர்ந்த சுருதிகளை வாங்கும் செல்கள். கனத்த, தாழ்ந்த சத்தங்களை வாங்குபவை உச்சிச் சுற்றில். கசிந்து இறங்கும் மருந்து அடிச்சுற்றில் நிறையச் சேரும், உச்சிக்குப் போகப்போக மெலிந்துவிடும். நடுக்காதில் விட்ட மருந்தும் அங்கேயே நிற்காது, தொண்டைக்குப் போகும் குழாய் வழியாக வடிந்துவிடும். அதனால்தான் ஒரு ஊசியோடு முடிவதில்லை. மருந்து மெதுவாகக் கரையும் ஜெல்லில் வைத்துத் தரும் ஆராய்ச்சியும் இந்தப் பிரச்சினைக்காகத்தான் நடக்கிறது. அமெரிக்காவில் 250 பேரிடம் மாத்திரையையும் ஊசியையும் ஒப்பிட்டு 2011இல் முடிவு வெளியிட்டார்கள், மொத்தத்தில் ஊசி மாத்திரைக்குக் குறைந்ததில்லை என்று. கூடுதலும் இல்லை. மருந்தே இல்லாமலும் மூன்றில் ஒருவருக்காவது கேட்பு ஓரளவு திரும்புகிறது, ஆகவே உங்களுக்குத் திரும்பினால் அது மருந்தாலா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார். பூசி மெழுகாத அந்தப் பேச்சுக்காகவே அவரிடம் போட்டுக்கொள்ளச் சம்மதித்தேன்.

ஊசி போட்ட அனுபவத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். படுக்க வைத்து, கேட்காத காது மேலே இருக்கும்படி முகத்தைத் திருப்பி, செவிப்பறையில் மரத்துப்போகும் மருந்தைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே நீளமான மெல்லிய ஊசி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அரை மில்லி அளவு. குத்தும்போது ‘சுருக்’ என்று ஒரு நொடி, அது பெரிய வலியே இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வேன். மருந்து உள்ளே நிரம்பும்போதுதான் காது வெடிக்கப் போகிற மாதிரி ஓர் அழுத்தம், அதோடு அறையே சுழன்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பயந்துவிட்டேன், ஏதோ தப்பாகிவிட்டது என்று. காரணம் சாதாரணமானது. மருந்து உடம்புச் சூட்டை விடக் குளிர்ச்சியாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி உலகம் சுற்றும். அடுத்த முறை, “மருந்தைக் கொஞ்சம் கையில வெச்சுச் சூடு பண்ணிப் போடுறீங்களா?” என்று நானே கேட்டேன். நர்ஸ் பாட்டிலை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டார், சுற்றல் பாதிக்கு மேல் குறைந்தது. நீங்களும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஊசிக்குப் பிறகு அப்படியே அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, முடிந்தவரை எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தொண்டைக் குழாய் திறந்து மருந்து வடிந்துவிடும். விழுங்காதே என்று சொன்ன உடனேதான் வாயெல்லாம் எச்சில் ஊறும், பாருங்கள்! கன்னத்துக்கடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்துக்கொண்டு அதில் வடிய விட்டேன். போகும்போது துண்டு ஒன்று எடுத்துப் போங்கள், பாத்ரூம் போய்விட்டுப் படுங்கள், போனை அணைத்து வையுங்கள். மருந்து கொஞ்சம் தொண்டைக்கு இறங்கினால் கசக்கும், அது சாதாரணம். வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். நான் முதல் தடவை பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன், அவிநாசி வரைக்கும் முன் சீட்டுக் கம்பியில் தலை சாய்த்தபடி.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அந்தியூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அவருக்கும் காதுக்குள் ஊசிதான். “எனக்குக் கேக்கறதுக்கு இல்லீங்க கண்ணு, தலை சுத்துறதுக்கு. அந்தக் காதோட சமநிலையைக் கொஞ்சம் அணைச்சு வுடற மருந்தாமா” என்றார். அவருக்கு மெனியர்ஸ் நோய், உள்காதுக் கோளாறால் தலை சுற்றும் நோய், போட்டது ஜென்டாமைசின். சமநிலைச் செல்களை வேண்டுமென்றே செயலிழக்க வைத்துச் சுற்றலை அடக்கும் வைத்தியம், கூடவே கேட்பும் குறையும் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். ஒரே மாதிரி ஊசி, ஒரே ஓட்டை, ஆனால் என் மருந்து காப்பாற்றுவதற்கு, அவருடையது அணைப்பதற்கு. எனக்குச் சட்டென்று எங்கள் அமுச்சி, அம்மாவின் அம்மா, ஞாபகம் வந்தது. காசநோய்க்கு அந்தக் காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுப் பிழைத்தவர். ஆனால் கடைசிவரை இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க மாட்டார், வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம். ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் ஒரே குடும்பம், உள்காதைத் தாக்கக் கூடியவை. உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘காதுக்கு ஊசி’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். மருந்தின் பெயர் என்ன, எதற்காக, கேட்பு குறைய வாய்ப்பு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஊசி போட்ட செவிப்பறையில் சின்ன ஓட்டை இருக்கும், பெரும்பாலும் தானாக மூடிவிடும், அபூர்வமாகச் சிலருக்கு மூடாமலும் நிற்கும். அதுவரை தண்ணீர் உள்ளே போகக் கூடாது. பஞ்சில் வாசலின் தடவிக் காதில் வைத்துக்கொண்டுதான் குளித்தேன், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மொத்தமாக நிறுத்திவிட்டேன். வீட்டில் மிச்சம் கிடந்த சொட்டு மருந்து பாட்டில்களைத் தூக்கிப் போட்டேன். ஜென்டாமைசினோ நியோமைசினோ கலந்த சொட்டுகள் ஓட்டை வழியாக நடுக்காதுக்குப் போனால் அங்கிருந்து உள்ளே இறங்க வாய்ப்பு இருக்கிறது. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தபோது போகாத மருந்து இப்போது போய்விடும்.

செலவு கேட்பீர்கள். ஆச்சரியம் என்னவென்றால் மருந்து மலிவு, ஒரு டீ பன் காசுதான். போட்டுவிடும் கட்டணம்தான் ஒவ்வொரு முறையும் மூவாயிரத்தை ஒட்டி வந்தது. எம்ஆர்ஐ எட்டாயிரத்துக்கு மேல். ஆடியோகிராம்கள், பஸ், ஆட்டோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை நெருங்கியது. அதை விடப் பெரிய அடி, தீபாவளி நேரத்தில் நான் யூனிட்டில் இல்லாததால் ஒரு லாட் தாமதமாகி, கம்பெனிக்காரர் அடுத்த வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன், ஆனால் ஆஸ்பத்திரியில் தங்காமல் எடுத்த சிகிச்சை என்று கொடுக்க மறுத்துவிட்டார்கள். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், உங்கள் பாலிசியில் வேறு மாதிரி இருக்கலாம். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ பிடிக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிகளுக்கு இந்தத் தலைவலி வேண்டாம், கோவையில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. காசில்லை என்று நாளைக் கடத்த வேண்டாம்.

பலன்? 75 டெசிபலில் இருந்தது ஊசிகள் முடிந்து கொஞ்ச காலத்தில் 45 அளவுக்கு வந்து நின்றது. உயர்ந்த சுருதிகள் நன்றாகத் திரும்பின, கொலுசுச் சத்தம், குக்கர் விசில் கேட்கிறது. தாழ்ந்த சத்தங்கள் மந்தம்தான், கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று சொன்னேன், டாக்டர் சிரித்துவிட்டு, அப்படி ஒரே காரணம் சொல்லிவிட முடியாதுங்கம்மா என்றார். செத்த செல் முளைப்பதில்லை, ஒரு காதுக்கு இருப்பதே பதினைந்தாயிரம் சொச்சம்தான். ‘ஙொய்’ இன்னும் இருக்கிறது. ராத்திரி மின்விசிறி ஓடினால் அதில் கரைந்துவிடும், மின்சாரம் போனால்தான் எரிச்சல். இன்னொரு சங்கடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டு காதும் ஒரே அளவு கேட்டால்தான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும். அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டியில் போகும்போது ஹார்ன் எல்லாமே வலது பக்கம் கேட்கிறது. பஸ் இடது பக்கம் உரசிக்கொண்டு போன பிறகு வண்டியின் இரண்டு கண்ணாடியையும் மறுபடி மாட்டினேன், இப்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஓரம் ஒதுங்குவதில்லை. கடையில் போய்க் கேட்டதில் கேட்கும் கருவி இருபதாயிரத்திலிருந்து ஆரம்பித்து ஒரு லட்சத்துக்கு மேலே போகிறது. கேட்பு ஒரு நிலைக்கு வந்து நிற்கும் முன் வாங்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் ஒருமுறை திரும்ப அளந்து பார்த்த பிறகு, சில நாள் மாட்டிப் பார்க்கக் கொடுத்தால் மட்டும் பேசலாம் என்று அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் சொன்னாள். என் முறை தை மாதம் வருகிறது. பழைய ஆடியோகிராம்கள் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் முதலில் கேட்பார்கள்.